கடல் சூழ்ந்த தீவகம்: நிலமும் வரலாறும் வாழ்வாதாரமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. அந்நிய தேசங்களிலிருந்து வரும் வணிகர்கள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகின்றது. யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்து கரையொதுங்கினால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேர வேண்டும். வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழ் மொழியில், தமிழ் எழுத்தில் பொறிக்கச் செய்த கடற்சட்டம் இது. ஊராத்துறை என்று அதில் கூறப்படும் இடமே இன்றைய ஊர்காவற்றுறை.

அக்காலத்தில் ஒரு பேரரசன் சட்டம் இயற்றிக் காக்க விரும்பிய துறைமுகம் இன்று யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் குறைந்த மூலைகளுள் ஒன்றாக உள்ளது. தீவகத்தின் கதையை அறிந்துகொள்ள விரும்புவோர் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் நடந்தவற்றைத்தான் பார்க்க வேண்டியுள்ளது. தமிழகத்து வாசகர்களுக்கு நெடுந்தீவு என்பது மீனவர் கைதுச் செய்திகளில் அடிபடும் ஒரு பெயர். தென்னிலங்கை மக்களுக்கு நயினாதீவு என்பது நாகதீப யாத்திரை. புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கோ அது பாட்டனின் ஊர். அங்கே இன்றும் மக்கள் வாழ்கின்றார்கள் என்ற சாதாரண உண்மை இம்மூன்று பார்வைகளுக்கும் இடையில் விடுபட்டுப் போவதை நாம் காண்கின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே ஆழமற்ற பரவைக்கடலில் சிதறிக் கிடக்கும் நிலத்துண்டுகளையே தீவகம் என்கின்றோம். வேலணைத்தீவு, காரைநகர், மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியன மக்கள் வாழ்பவை. 'சப்த தீவு' என்று ஏழாகச் சொல்லும் வழக்கம் உண்டெனினும் எண்ணிக்கை எண்ணுபவரைப் பொறுத்து மாறும். ஆளரவமற்ற கச்சதீவும் நிர்வாக ரீதியில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கே உரியது. ஒல்லாந்தர் தமது தாயகத்து நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ட். இவற்றுள் டெல்ப்ட் மட்டுமே ஆங்கிலப் பாவனையில் இன்றுவரை நிலைத்துள்ளது. ஏனையவை பழைய வரைபடங்களோடு போயின.

வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன், சுருவில், புளியங்கூடல், அல்லைப்பிட்டி, மண்கும்பான் முதலிய கிராமங்களும் ஊர்காவற்றுறைப் பட்டினமும் ஒரே தீவில் அமைந்தவை. பண்ணைத் தாம்போதி இத்தீவை யாழ்ப்பாண நகரத்துடன் இணைக்கின்றது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான தாம்போதி அதற்காக உழைத்த புங்குடுதீவுப் பெரியோரின் பெயரால் வாணர் பாலம் என்று வழங்கப்படுகின்றது. காரைநகருக்குப் பொன்னாலை வழியாகத் தரைப்பாதை உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான ஒடுங்கிய கடலைக் கடப்பதற்கு மிதவை ஒன்று உள்ளது. அதனை ஊரார் 'பாதை' என்றே அழைக்கின்றனர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்தும், அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தும் படகேற வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவான் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல்; வாடைக் காற்று வீசும் நாட்களில் படகு புறப்படுமா என்பதே கேள்வி.

நிலம் முழுவதும் சுண்ணக்கல். மலையில்லை, ஆறில்லை. கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே தட்டையாகப் பரந்த தரையில் பனைகளே உயர்ந்து நிற்பவை. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நெடுந்தீவில் மண்ணை விடக் கல்லே அதிகம் என்று சொல்லலாம். கடற்பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய வேலிகள் காணிக்குக் காணி ஓடுகின்றன. குடாநாட்டின் கிடுகு வேலியையும் கதியால் வேலியையும் பார்த்துப் பழகியவருக்கு அது வேறொரு நாட்டின் காட்சி போலத் தோன்றும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே இங்கு நீருக்கு மூலம். பெய்த மழை சுண்ணக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கும். அளவறிந்து அள்ளினால் அது கோடை வரை தாங்கும். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறி விடும். ஒருமுறை உவராகிய கிணறு மீள்வதற்குப் பல மழைக்காலங்கள் தேவைப்படலாம். இயந்திர நீரிறைப்பு வருவதற்கு முன்னர் துலாவும் பட்டையும் மனிதனின் கைவலியும் இந்த அளவைத் தாமாகவே காத்து வந்தன. வேலணையின் சாட்டிப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டுமே நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். புங்குடுதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் கோடையில் வண்டிகளில் வரும் தண்ணீருக்கும் கடல்நீரைச் சுத்திகரிக்கும் சிறு நிலையங்களுக்கும் காத்திருக்கின்றன.

தண்ணீர் இங்கு இயற்கையின் பிரச்சினையாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. நல்ல கிணறு யாருடைய காணியில் அல்லது எந்தக் கோயில் வளவில் இருந்தது என்பதே ஒருவர் எதைக் குடிப்பார் என்பதைத் தீர்மானித்தது. புங்குடுதீவைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம் 1971 ஆம் ஆண்டில் அங்குள்ள கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார். அதற்காகப் பொலிஸாரின் தாக்குதலுக்கும் உள்ளானார். 1973 இல் அவர் காலமானபோது 40 வயது கூட நிறைந்திருக்கவில்லை. ஈழத்து இலக்கிய விமர்சனத்தில் அவருடைய பெயரை அறிந்தோர் பலர். அந்தக் கிணற்றை அறிந்தோர் அவ்வளவு பேர் இல்லை. தீவகத்தின் பழைய வாழ்வை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள் இப்பக்கத்தையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும் என்பது நமது கருத்து.

வரலாற்றுக்கு வருவோம். நாகதீபத்தில் மணியாசனம் ஒன்றுக்காகப் போரிட்ட மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்தார் என மகாவம்சம் கூறுகின்றது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோரும் உளர். ஆயினும் நாகதீபம் என்ற பெயர் பழங்காலத்தில் குடாநாடு உள்ளிட்ட வட பகுதி முழுமைக்கும் வழங்கியது என்பதை வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனத்தைக் கொண்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு சிறு தீவின் மீது இத்தனை தொன்மங்களை ஏற்றி வைத்து அதன் உரிமைக்காக வாதிடுவோர் இந்த ஆய்வை அதிகம் பேசுவதில்லை. 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நயினாதீவில் அம்மன் கோயிலும் நாக விகாரையும் சிறிது தூர இடைவெளியில் உள்ளன, பள்ளிவாசலும் உண்டு. 1958 கலவரத்தின்போது நாக விகாரை தாக்கப்பட்டமை ஒரு கறை. பின்னர் அது மீளக் கட்டப்பட்டது.

ஊர்காவற்றுறையின் முக்கியத்துவம் தொன்மத்தில் அல்ல, சாசனங்களிலேயே தெளிவாகத் தெரிகின்றது. பராக்கிரமபாகு சோழ நாட்டின் மீது படையெடுப்பதற்காக ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் கப்பல்களைக் கட்டுவித்தான் என்ற செய்தி தமிழகத்தின் திருவாலங்காட்டுச் சோழர் சாசனத்தில் காணப்படுகின்றது. ஆக, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் உள்ள கல்வெட்டுகள் இத்துறையைப் பேசுகின்றன. பின்னர் யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. வன்னிக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட யானைகள் இங்கிருந்தே கப்பலேற்றப்பட்டன. யானைத்துறை என்னும் பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயரின் முதற் சொல்லே 'கயிற்ஸ்' என ஆங்கிலத்தில் எஞ்சியது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடலுக்குள்ளேயே அவர்கள் கட்டிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தோன்றியதாம். அத்தொடையின் குதிக்காலில் இருப்பதால் அப்பெயர். பிற்காலத்தில் சிறைச்சாலையாக இருந்த அக்கோட்டை இன்று கடற்படை நடத்தும் விடுதியாகும்.

நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் பசுத்தீவு என்றனர். அவர்கள் தொடக்கி ஒல்லாந்தர் வளர்த்த குதிரைப் பண்ணையை ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி சில காலம் நடத்தினார். பண்ணை போயிற்று, குதிரைகள் எஞ்சின. யாருக்கும் சொந்தமில்லாமல் சில நூறு கட்டைக் குதிரைகள் தென்புற வெளியில் மேய்ந்து திரிகின்றன. 2015 இல் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் கடுங்கோடையில் நீரின்றிக் குதிரைகள் மடிவது நின்றபாடில்லை. மனிதருக்கே தண்ணீர் போதாத தீவில் குதிரைக்கு யார் தொட்டி நிரப்புவது என்று கேட்கும் ஊராரையும் குற்றம் சொல்வதற்கில்லை. போர்த்துக்கேயர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம் ஆகியவற்றையும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துத் திரும்புகின்றனர். கோட்டையை வெடியரசனோடு தொடர்புபடுத்தும் கதையும் தீவில் வழங்குகின்றது.

பொருளாதாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் தீவகத்தின் இன்றைய நிலைக்குப் போர் மட்டுமே காரணம் என்று கருதுவது பாதி உண்மையே.

தீவின் மண் ஒருபோதும் அதன் மக்கள் எல்லோருக்கும் சோறிட்டதில்லை. மழையை நம்பிய நெல், சிறுதானியம், கிணற்றுநீரில் புகையிலை, பனையிலிருந்து கள்ளும் பனங்கட்டியும் ஒடியலும் பனாட்டும், கடலில் மீனும் சங்கும் நண்டும் இறாலும்; இவையே உள்ளூர் வருவாய். ஒல்லாந்தர் காலத்தில் துணிகளுக்குச் சிவப்பேற்றும் சாயவேரும் இங்கு தோண்டப்பட்டது. மீதியை மக்கள் வெளியிலேயே தேடினர். ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் அப்பாலும் சென்று வந்தன. இராமேஸ்வரத்துக்கும் யாழ்ப்பாண நகரத்துக்கும் நெடுந்தீவிலிருந்து உள்ள தொலைவு பெரிதாக வேறுபடுவதன்று என்பதை வரைபடத்தைப் பார்ப்போர் உணர்வர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிரதம் யாழ்ப்பாணம் வந்தபின் சரக்கின் திசை மாறியது. இரு நாடுகளும் சுதந்திரம் பெற்றபின் கடவுச்சீட்டும் சுங்கமும் கடற்படை ரோந்தும் வந்தன. தலைமுறை தலைமுறையாக நடந்த போக்குவரத்துக்குக் 'கள்ளக் கடத்தல்' என்ற பெயர் வந்தது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் கடலெல்லை வரையப்பட்டு கச்சதீவு இலங்கைக்கு உரியதாயிற்று. அந்தோனியார் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரு கரையினரும் அங்கு கூடுவது மட்டும் பழைய உறவின் எச்சமாக உள்ளது.

கப்பல் தேய்ந்தபோது தீவார் தென்னிலங்கைக்குப் போயினர். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மக்கள் கொழும்பிலும் கண்டியிலும் சிங்களக் கிராமப்புறச் சந்திகளிலும் கடை வைத்தனர். சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை என அவர்கள் கால் பதிக்காத பட்டினம் குறைவு. மனைவி மக்கள் ஊரில், கடைக்காரர் தெற்கில். தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர் வருவார். கடைச் சம்பாத்தியத்தில் ஊரில் கல்வீடு எழும், கோயிலுக்குக் கோபுரம் எழும், பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் எழும். புங்குடுதீவில் இன்று கூரையின்றி நிற்கும் பெரிய நாற்சார் வீடுகள் பலவும் அவ்வாறு கட்டப்பட்டவையே. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் தெற்கின் தமிழ்க் கடைகள் எரிந்தபோது தீவகத்தின் வருவாய் அங்கேயே எரிந்தது. போரின் முதல் அடி தீவில் குண்டு விழுவதற்கு முன்பே விழுந்துவிட்டது என்பதை நாம் இங்கு குறிப்பிட விரும்புகின்றோம்.

காரைநகரில் 1960 களின் இறுதியில் நோர்வே உதவியுடன் தொடங்கிய சீநோர் படகுத் தொழிற்சாலை வேறொரு வழியைக் காட்டியது. மீனவருக்குப் படகும் வலையும் ஊரிலேயே, உள்ளூர் இளைஞரின் கையால். அம்முயற்சியும் போரில் சிதைந்தது.

1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் 23 பேருக்குக் குறையாது என்று அனைத்துலக மனித உரிமை அமைப்பு பதிவு செய்தது. உள்ளூர்க் கணக்கு 30 ஐத் தாண்டுகின்றது. உயிர் தப்பியோர் கடற்படையினரையே சுட்டினர். அரசு அதை மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்கு ஓடினர். மண்டைதீவில் அவ்வேளை பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவில்லை. சடலங்கள் கிணறுகளில் இடப்பட்டன என்று உறவினர் இன்றும் முறையிட்டு வருகின்றனர். பின்னர் 1996 வரை குடாநாடு விடுதலைப் புலிகளிடமும் தீவகம் படையினரிடமும் இருந்ததால் பண்ணைப் பாதை போர்முனையாயிற்று. அராலித்துறையில் 1992 ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்ணிவெடியில் லெப்டினன்ட் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட உயர் படையதிகாரிகள் கொல்லப்பட்டதும் வேலணைத்தீவிலேயே. 1994 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெரும் பகுதியில் வாக்களிப்பே நடைபெறாத நிலையில், பெரும்பாலும் தீவகத்தில் கிடைத்த சுமார் 10 ஆயிரம் வாக்குகளைக் கொண்டு ஈ.பி.டி.பி. 9 ஆசனங்களைப் பெற்றது. வெறிச்சோடிய தீவுகள் ஒரு மாவட்டத்தின் பிரதிநிதித்துவத்தைத் தீர்மானித்த விசித்திரம் அது. 2006 மே மாதத்தில் அல்லைப்பிட்டியில் 13 பேர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளார் காணாமற்போனார். இவற்றுக்கும் பதில் இல்லை.

ஆளற்ற அந்த ஊர்களின் காட்சியைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவழிக் கிராமம்' என்னும் தொகுதியில் பதிந்து வைத்தார். 2006 டிசம்பரில் அவரும் மறைந்தார்.

போர் 2009 இல் முடிந்தது. மக்கள் திரும்பவில்லை, அல்லது மிகச் சிலரே திரும்பினர். இங்குதான் பழைய பொருளாதாரத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொழும்புக் கடைக்காரர் வெளியில் உழைத்தார். ஆனால் அவருடைய குடும்பம் தீவில் இருந்தது, கடைசிக் காலத்தில் அவரும் தீவுக்கு வந்தார். பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள இன்றைய தீவாரின் குடும்பம் அங்கேயே உள்ளது. அவர்களுடைய ஊர் ஒன்றியங்கள் பணம் அனுப்புகின்றன. கோயில்கள் புதுப்பிக்கப்படுகின்றன. கும்பாபிஷேகத்துக்கு விமானம் ஏறி வருவோர் தொகை பெரிது. பூசை முடிந்ததும் ஊர் மீண்டும் முதியவர்களிடமும் பற்றைக்காட்டிடமும் விடப்படுகின்றது. பூட்டிய வீட்டுக் காணி யாருக்கு உரியது என்பதே பல இடங்களில் தெளிவில்லை. உரிமையாளர் நால்வர் நான்கு நாடுகளில் இருந்தால் அதைப் பயிரிட விரும்பும் உள்ளூர்க் குடும்பத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்க ஆளில்லை. கட்டாக்காலி மாடுகளைத் திருடி இறைச்சிக்கு வெட்டும் கும்பல்களுக்கு இந்த வெறுமை வசதியாயிற்று. 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் ஒரே வீட்டில் முதியவர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட கொடூரம், தீவில் யார் எஞ்சியிருக்கின்றார்கள் என்பதை நாட்டுக்குச் சொல்லிற்று.

எஞ்சியிருப்போருக்குக் கடலே கதி. அக்கடலிலும் அமைதியில்லை. தமிழகத்தின் இழுவைப் படகுகள் இரவில் நெடுந்தீவுக் கரையோரம் வரை வந்து அடிமடியை வாரிச் செல்கின்றன. உள்ளூர் மீனவரின் வலைகள் அறுபடுகின்றன. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. கைதுகள் தொடர்கின்றன, படகுகளும் தொடர்கின்றன. இராமேஸ்வரத்துக் கூலி மீனவரும் நெடுந்தீவு மீனவரும் ஏழைகளே. படகின் முதலாளியோ இரு இடத்துச் சிறையிலும் இருப்பதில்லை. 2021 க்குப் பின் தீவகக் கரைகளில் பரவிய கடலட்டைப் பண்ணைகள் புதிய தகராறொன்றைக் கொண்டுவந்தன. ஏற்றுமதியில் நல்ல விலை பெறும் பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பரம்பரையாகச் சிறகுவலை கட்டியும் இறால் பிடித்தும் வந்த ஆழமற்ற கடலையே வேலியடைத்துத் தனியாருக்குக் கொடுத்தால், படகு வாங்க வசதியற்றவரே முதலில் பாதிக்கப்படுவர். அவர்களுடைய எதிர்ப்பை முன்னேற்றத்துக்கு எதிரானதாகச் சித்திரிப்பது நியாயமன்று.

வெளியுலகின் கண் தீவகத்தின் மீது விழாமலும் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையுடன் இணைக்கப்படாதவை. டீசல் இயந்திரங்களே அங்கு மின்சாரம் தருகின்றன. சூரிய, காற்று மின்சக்தித் திட்டமொன்றை 2021 ஜனவரியில் அமைச்சரவை சீன நிறுவனமொன்றுக்கு வழங்கத் தீர்மானித்ததும் இந்தியா தன் கரைக்கு இத்தனை அருகில் சீனாவா என்று ஆட்சேபித்தது. சீன நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் விலகியது. 2022 இல் இந்தியாவுடன் உடன்பாடு; 2024 மார்ச்சில் 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம். சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற் என்பது அதன் அளவு. சில ஆயிரம் பேருக்கு விளக்கெரிக்கும் இச்சிறு திட்டத்துக்காக இரு வல்லரசுகள் மோதிக்கொண்ட மூன்று ஆண்டுகளிலும் தீவார் டீசல் புகையையே சுவாசித்தனர். எழுவைதீவில் சிறியதொரு கலப்பு மின்நிலையம் எந்தச் சர்ச்சையுமின்றி ஏற்கெனவே அமைந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். அன்றைய தினமே கச்சதீவுக்கும் சென்றார். விளையாட்டரங்கு வருவதை இளைஞர்கள் வரவேற்கின்றனர், நாமும் வரவேற்கின்றோம். மண்டைதீவின் தாழ்நிலமும் கண்டற்காடும் வெள்ளத்தைத் தாங்கும் தன்மை என்னவாகும் என்பதையும், 1990 இல் காணாமற்போனோரின் உறவினர் காட்டும் கிணறுகளைத் தோண்டுவதற்கு நாள் எப்போது குறிக்கப்படும் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டியுள்ளது.

நயினாதீவுக்கு யாத்திரிகர் வருகின்றனர். ஆனி மாதத்து அம்மன் திருவிழாவுக்குத் தமிழர். ஆண்டு முழுவதும் நாக விகாரைக்குத் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சிங்கள மக்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் இவர்களால் படகோட்டிகளுக்கும் ஒடியல், பனாட்டு விற்கும் சிறு கடைகளுக்கும் வருவாய் உண்டு. அவர்கள் ஏறி இறங்கும் புங்குடுதீவுக்கும் கடந்து செல்லும் வேலணைக்கும் அதில் பங்கு சொற்பமே. பனம்பொருளை ஒழுங்காகப் பொதிசெய்து அவ்வழியில் விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் முனைந்தால் அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

தமிழாராய்ச்சியை உலகளாவியதாக்கிய தனிநாயகம் அடிகளார் 1913 இல் பிறந்தது கரம்பொன்னில். தந்தை வழியில் அவர் நெடுந்தீவார். 1964 இல் அவர் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மாநாடுகளைப் பற்றி நாம் அடிக்கடி பெருமைப்படுகின்றோம். தீவகம் அத்தகையோரைத் தந்தது அங்கு நல்ல பாடசாலைகள் இருந்த காரணத்தினாலேயே. இன்று பிள்ளைகள் இல்லையென்று வகுப்புகள் சுருங்குகின்றன. வகுப்புகள் சுருங்குகின்றனவென்று எஞ்சிய பெற்றோரும் பிள்ளைகளோடு நகரத்துக்குப் போகின்றனர். நியமனம் பெற்று வரும் ஆசிரியரும் வைத்தியரும் இடமாற்றம் கிடைக்கும் நாளை எண்ணியே பணியாற்றுகின்றனர். தங்குமிடமும் நம்பகமான படகும் இல்லாத இடத்தில் அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

நெடுந்தீவின் சனத்தொகை 5 ஆயிரத்துக்கும் குறைவு. பெரிய சத்திரசிகிச்சை எதற்கும் நோயாளி கடல் கடந்தே யாழ்ப்பாணம் போக வேண்டும். பழைய 'குமுதினி', 'வடதாரகை', அவுஸ்திரேலிய உதவியில் கட்டப்பட்டு 2017 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'நெடுந்தாரகை' எனப் படகுகளுக்குப் பெயருக்குக் குறைவில்லை. ஒன்று ஓடும் காலத்தில் மற்றொன்று பழுதுபார்க்கக் கரையேறியிருக்கும். படகை வாங்குவதற்கு நன்கொடையாளர் கிடைப்பர். ஆண்டுதோறும் அதற்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் மாலுமிக்குச் சம்பளமும் கொடுப்பது அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தரமான ஓர் இலக்கமாக வேண்டும். பாலம் போடமுடியாத இடத்தில் படகே வீதி. வீதியில் நடப்பதற்கு எவரும் இலாபக் கணக்குப் பார்ப்பதில்லை. நோயாளர் படகு ஒன்று எந்நேரமும் ஆயத்தமாக நிற்பதும், ஆளற்ற காணிகளின் உரிமையைப் பதிந்து உள்ளூர்ப் பயிர்ச்செய்கைக்குக் குத்தகைக்கு விட வழிசெய்வதும், துரவுகளையும் குளங்களையும் மழைக்கு முன் தூர்வாருவதும் உடனடியாகச் செய்யக்கூடியவை. இவற்றுக்கு டெல்லியின் அனுமதியோ பீஜிங்கின் பணமோ வேண்டியதில்லை.

குமுதினிப் படகில் கொல்லப்பட்டோருக்கு ஆண்டுதோறும் மே 15 ஆம் திகதி நெடுந்தீவில் அஞ்சலி செலுத்தப்படுகின்றது. மாவிலித்துறையில் சுடர் ஏற்றிக் கும்பிட்டபின், குறிகட்டுவானுக்குப் போக வேண்டியோர் அதே துறையில் படகுக்கு வரிசையில் நிற்கின்றனர்.